கைப்பிடி திருப்பி அடித்த ஞாயிற்றுக்கிழமை

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தைய ஆண்டு, காஜா பெராங்கில் எங்கள் பலகை வீட்டின் முன்னால் ஒரு பழைய கறுப்புக் கார் வந்து நின்றது. நான் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு எழுதும் கிராணி. என் வெள்ளைக்கார மேலதிகாரி ஊருக்குத் திரும்பும்போது விட்டுச் சென்ற வண்டி அது. பொத்தானை அமுக்கினால் ஓடாது. முன்பக்கம் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் எஞ்சின் கனைக்கும், அதுவும் அதற்கு மனசு இருந்தால்.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், பஸ் ஓட்டுநர். வாட்டசாட்டமான ஆள். ஊரில் எந்த வண்டி நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பேனா பிடிக்கும் கைக்குத் தங்கச்சியைக் கொடுத்துவிட்டோமே என்ற வருத்தம் அவருக்குக் கல்யாண நாளிலிருந்தே உண்டு. அதை அவர் மறைத்ததும் இல்லை.

அந்தத் தீபாவளிக்கு வீடு நிறைய உறவினர்கள். சாப்பாடு முடிந்து ஆண்கள் எல்லாரும் காரைச் சுற்றி நின்றோம். மச்சான் பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, ஒரு வயரைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“மாப்பிள்ளை, இத நுனியில கெட்டியா பிடிங்க. நான் சுத்துறேன். சூடு வருதான்னு சொல்லுங்க.”

நானும் பிடித்தேன். அவர் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். தோள்வரை யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி இருந்தது. துள்ளி எழுந்ததில் தலை பானெட்டில் மோதியது. பின்னால் சாய்ந்து, புது வேட்டியோடு சாக்கடையில் உட்கார்ந்தேன். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர வரச் சிரித்தார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். வாசற்படியில் நின்ற என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.

மறுநாளே எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. ‘கரண்டு மாப்பிள்ளை.’ ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலிருந்த பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால், “கரண்டு மாப்பிள்ளையா, வாங்க வாங்க” என்று பின்னால் ஒரு குரல். மச்சானின் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் வழியாக அது என் அலுவலகம்வரை வந்து சேர்ந்தது. கல்யாண வீடுகளில் மச்சான் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் துள்ளிய உயரம் கூடிக்கொண்டே போனது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்த ஆளை ஒருநாள் அழவைக்க வேண்டும் என்று மட்டும் உள்ளுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அவர் உதவியே வேண்டாம் என்று காரை நானே பழுது பார்க்க ஆரம்பித்தேன். வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை மத்தியான இடைவேளையில் படிப்பேன். சனிக்கிழமை பிற்பகலில் சாரத்தைக் கட்டிக்கொண்டு இறங்குவேன். ஸ்பேனர் வழுக்கி விரல் மூட்டுகளில் தோல் உரிந்தது. ரேடியேட்டர் மூடியை அவசரப்பட்டுத் திறந்து முன்கை வெந்தது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபோது பழைய எண்ணெய் முகத்தில் கொட்டி, இரண்டு நாள் கண் சிவந்து கிடந்தது. பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா, தலைமுறைகளாகத் தமிழ் மறந்த குடும்பம், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மலாயில், “இன்னிக்கு எங்கே அடி?” என்று விசாரிப்பார். ஒவ்வொரு காயத்துக்கும் நான் மனசுக்குள் மச்சானைத்தான் திட்டினேன்.

ஒரு சனிக்கிழமை, தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் வட்டப் பெட்டியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். மாட்டியதில் தவறு. சற்று அதிகமாகத் திரும்பியிருந்தது. கைப்பிடியைச் சுற்றியதும், பொறி நேரத்துக்கு முன்பே விழுந்து, கைப்பிடி எதிர்ப்பக்கமாகத் திருப்பி அடித்தது. நல்ல வேளையாகக் கட்டைவிரல் நகத்தோடு போயிற்று. நகம் கறுத்துப்போய், விரல் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியது. அதைத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வலி அப்படியே குறைந்த மாதிரி இருந்தது.

அவசரப்படவில்லை. விரல் ஆறும்வரை காத்திருந்தேன். ஆகஸ்ட் மாதம் பிறந்தது. ஊரெங்கும் மெர்டேக்கா, அதாவது சுதந்திரப் பேச்சு. ஊர்வலத்தில் போகும் அலங்கார பஸ்ஸை ஓட்ட மச்சானைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெள்ளைச் சீருடை தைத்து வாங்கி, எங்கள் வீட்டுக்கே வந்து போட்டுக் காட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிட அழைத்தேன். அதற்கு முந்தைய நாள், அந்த வட்டப் பெட்டியின் திருகைத் தளர்த்தி, இந்த முறை வேண்டுமென்றே திருப்பி வைத்தேன்.

“மச்சான், எவ்வளவு சுத்தினாலும் வண்டி எழும்ப மாட்டேங்குது. உங்க கை பட்டாத்தான் சரி வரும் போல.”

“கரண்டு மாப்பிள்ளையே தோத்துட்டாரா?” என்று அவர் வேலிக்கு அப்பாலும் கேட்கும்படி சொன்னார். கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக மடக்கி வைக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் பஸ்ஸில் பொத்தானை அமுக்கியே பழகியவர். பார்க்க ஆள் இருந்தால் ஒற்றைக் கையால், முழுப்பிடியாகப் பிடித்துத்தான் சுற்றுவார். அன்றைக்கும் அப்படித்தான் செய்தார்.

காய்ந்த கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். மச்சான் தரையில் உட்கார்ந்து மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். கத்தவில்லை. “அம்மா” என்று ஒரே ஒரு தடவை, மெதுவாகச் சொன்னார். கண்ணில் நீர் இறங்கியது. நான் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன். என் நெஞ்சு சந்தோஷத்தில் அடித்துக்கொண்டது. மூன்று சக்கர ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார்கள். அவரை வீட்டில் விட்டுவிட்டு வந்த கையோடு திருகைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன்.

ஊர்வலத்தன்று மச்சானுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அலங்கார பஸ் வந்தது. ஓட்டியவர் வேறொருவர். கூட்டம் “மெர்டேக்கா” என்று கத்தியபோது மச்சானும் இடது கையைத் தூக்கிக் கத்தினார். பஸ் எங்களைக் கடந்தபோது மட்டும் தலை குனிந்துகொண்டார். எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்டால், கொஞ்சம் இருந்தது. சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து அதை மறைப்பானேன்?

மாவுக்கட்டைப் பிரித்த வாரம் மச்சான் வந்தார். யாரையும் கேட்காமல் பானெட்டைத் திறந்தார். வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். துருப்பிடித்த எஞ்சினில் அந்த ஒரு திருகின் தலை மட்டும் ஸ்பேனர் பட்டுப் பளபளத்தது.

“இத யாரு தொட்டது?”

“நான்தான்.”

“எப்போ?”

“ரெண்டு தடவ. நீங்க சுத்தினதுக்கு முந்தின நாள் ஒரு தடவ. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தப்புறம் ஒரு தடவ.”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரியாமலே போனால் நான் பட்ட பாடெல்லாம் வீண் என்று தோன்றியது. அவர் என் முகத்தையும், புருவத்துத் தழும்பையும் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். பானெட்டை மெதுவாக மூடினார்.

“நல்லா கத்துக்கிட்டீங்க, மாப்பிள்ளை,” என்றார். உள்ளே வரவில்லை. அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அவர் வாயிலிருந்து அந்தப் பட்டப்பெயர் வரவில்லை. அவர் விட்டதும் ஊரும் மெல்ல மறந்தது.

அவருக்காகப் போட்ட காப்பியோடு என் மனைவி படியில் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும்.

“கேட்டுட்டியா?” என்றேன்.

“இப்பத்தான் கேக்கணுமா? அண்ணன் கீழ உக்காந்தப்போ எல்லாரும் அவரோட கையப் பாத்தாங்க. நான் உங்க மூஞ்சியப் பாத்தேன்.”

“நீயும்தானே அன்னிக்குச் சிரிச்சே?”

காப்பியை என்னிடம் கொடுக்காமல், குரோட்டன்ஸ் செடி ஓரமாக ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அவள் என்னோடு மறுபடி பேச ஒன்பது நாள் ஆயிற்று.