கண்ணில் ஒற்றிய பந்து

மலாயாவின் அவசரகாலத்தில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் படையால் தோட்டத் துரைமார் சாலையில் இறங்கவே அஞ்சினார்கள். மலாக்காவின் பெரிய கோல்ஃப் கிண்ணத்துக்கு ஆட்டக்காரர் போதவில்லை. அந்த ஒரு காரணத்தால் அவ்வாண்டு தோட்டக் கணக்கு எழுதும் கிராணிமாரையும் சேர்த்துக்கொண்டார்கள். ரெம்பியாவை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்த என் அண்ணன் பெயர் கொடுத்தார். சீமைக்குத் திரும்பிய துரையொருவர் விட்டுச்சென்ற மட்டைகளைக் கொண்டு, தோட்டத்துப் பந்துத் திடலில் தாமே பழகியவர் அவர்.

"கிராணி ஐயா மண்ணக் கெளறுறாரே, மரவள்ளி நடப் போறாரா?" என்று பால்வெட்டும் பெண்கள் சிரிப்பார்கள்.

"வெளைஞ்சா ஒங்களுக்கும் ஒரு கெழங்கு உண்டு லா" என்பார் அண்ணன்.

கிழங்கு விளைந்தது. முதலில் வங்கி அதிகாரி ஒருவர் தோற்றார். பிறகு ஓர் இராணுவ மேஜர். எவரும் எதிர்பாராதபடி அண்ணன் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டார். போட்டியை நடத்திய கோல்ஃப் சங்கத்தில் கிராணிமாருக்குப் பின்வாசல்தான். கிண்ணத்தை வென்றவரோ சங்க உறுப்பினர் ஆகிவிடுவார். முன்வாசல் வழியே நுழையலாம். அண்ணனுக்கு வெள்ளிக் கிண்ணத்தின்மேல் ஆசையில்லை. அந்த வாசல்தான் வேண்டியிருந்தது.

அவருடைய மட்டைப்பையைச் சுமந்து நான் உடன் நடந்தேன். எதிராளி ஒரு தோட்டத்துரை. இடுப்பில் கைத்துப்பாக்கியோடு ஆடினார். நடுவழியில் அவருடைய பந்து, காவலுக்காகப் போட்டிருந்த முள்வேலிக்கடியில் போய் விழுந்தது. அவசரகாலத்துக்கென்று சங்கத்தார் வகுத்த தனிவிதிப்படி அதைக் கையால் எடுத்து வசதியான புல்லில் வைத்துக்கொண்டார். தண்டனை இல்லை.

கடைசிக் குழி. துரை தம் ஆட்டத்தை முடித்துவிட்டார். அண்ணனின் பந்து குழிக்கு மிக அருகில் கிடந்தது. ஒரே அடியில் உருட்டிவிட்டால் கிண்ணம் அவருடையது. சரிவைப் பார்க்க நகர்ந்தபோது அவருடைய காலணியின் நுனி பந்தில் உரசியது. பந்து அசையவில்லை. அண்ணன் சட்டென்று குனிந்தார்; பந்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆட்டத்தின் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்தவர், சங்க அலுவலகத்தில் நெடுநாள் பணியாற்றுபவர். அவர் அருகே வந்து மெல்லச் சொன்னார்: "தம்பி, பந்தைக் கையால தொட்டுப்போட்டீர். ஒரு அடி கூடும்."

"காலு பட்டுருச்சுங்க ஐயா. அதான் தொட்டுக் கும்பிட்டேன். ஒங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். விதிக்குத் தெரியாதே."

ஓர் அடி கூடியதால் அண்ணனின் முன்னிலை போயிற்று. இனி அந்தப் பந்தைக் குழிக்குள் உருட்டினால் சமமாகி மீண்டும் ஓர் ஆட்டம் கிடைக்கும், தவறினால் தோல்வி. அண்ணன் மட்டையை எடுத்து அடித்தார். பந்து குழியின் விளிம்பைத் தடவிக்கொண்டு அப்பால் போயிற்று.

துரை கைகுலுக்கிவிட்டு முன்வாசல் வழியே உள்ளே போனார். கைதட்டும் ஓசை பின்வாசல்வரை கேட்டது. ஊரடங்குக்கு முன் வீடு சேர நாங்கள் ஒரு லாரியில் ஏறினோம்.

"அந்தாளு வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்ண்ணே" என்று நான் பொருமினேன்.

"அவரு வேல அது. விதின்னா விதிதான்டா. தொரைக்கு முள்ளுக்கம்பி, நமக்குக் காலு" என்றார்.

மட்டைகளை அவர் மறுபடி தொடவில்லை. சில மாதங்கள் கழித்து, கூடத்தில் நான் விரித்து வைத்திருந்த இலக்கண நூலின்மேல் அவர் கால் பட்டுவிட்டது. அண்ணன் நின்றார், நூலைப் பார்த்தார். பிறகு, குனியாமல் தாண்டிப் போனார்.