வெள்ளிக்கிழமை தின்ற மூன்று இட்லி

கர்த்தரை நம்பியிருக்கும் சகோதர சகோதரிகளுக்கு, திருத்தணியிலிருந்து எழுதுகிறேன்.

போன ஆடி மாதம் என் வலது கால் கட்டைவிரல் கறுத்துப்போனது. கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் ஏற முடியாமல் ரயில் பிடித்து அரக்கோணம் போனேன். "சர்க்கரை இப்படியே இருந்தா விரலை எடுக்கணும் பெரியவரே. நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?" என்றார் டாக்டர்.

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். வாரத்தில் மூன்று நாள் நான் உபவாசம். அன்றைக்கு மாத்திரையும் கிடையாது. காரணம் என் கோபம். எழுபத்திரண்டு வயதில் சோற்றுத் தட்டை வீசுகிறவன் நான். பரிசுத்தமாகாமலே செத்துவிடுவேனோ என்று பயம். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் இருந்தேன். கோபம் போகவில்லை. இரண்டு நாளாக்கினேன், மூன்றாக்கினேன். பசியில் இன்னும் அதிகமாகக் கத்தினேன். சபையில் மட்டும் நல்ல பெயர்.

விரலா, பரிசுத்தமா? முழங்கால் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, என்னால் ஆகவில்லை. நீரே என்னைச் சுத்தமாக்கும்" என்றேன்.

கட்டுப் போட வந்த என் மனைவி காதில் அது விழுந்துவிட்டது.

"ஏசப்பா உங்களுக்கோசரம் செத்தாரே, அது பத்தலன்னு நீங்களும் பட்டினி கெடந்து சாவப்போறீங்களா?"

ஜெபத்துக்குப் பதில் இத்தனை சீக்கிரம், அதுவும் திட்டாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் சிலுவையில் முடித்த வேலையை நான் என் வயிற்றால் முடிக்கப் பார்த்திருக்கிறேன்!

அந்த வெள்ளிக்கிழமை மூன்று இட்லி தின்றேன். மாத்திரை போட்டேன். உபவாசக் கூட்டத்துக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். சபை மூப்பர் குனிந்தார்.

"இன்னா நைனா, சாம்பார் வாசன வருது? துன்னுட்டா வந்தீங்க?"

"ஆங். மூணு இட்லி."

"விசுவாசத்துல பின்வாங்கிப் போய்ட்டீங்களே!"

"எங்கப்பா போனேன்? மொத வரிசைலதான குந்திகினு கீறேன்!"

உபவாசம் தவறென்று நான் சொல்லவில்லை. அது என்னைக் கழுவும் என்று நம்பினேனே, அதுதான் தவறு.

விரல் ஆறிவிட்டது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் நான் சாட்சி சொல்வது விரலுக்காக அல்ல. கோபம் ஏறும்போது, "ஆண்டவரே, இதை நீர் எடுத்துக்கொள்ளும்" என்கிறேன். எடுத்துக்கொள்கிறார். தட்டு பறப்பதில்லை. முணுமுணுப்பு மிச்சமிருக்கிறது, அதையும் அவர் விடமாட்டார்.

மனிதன் பரிசுத்தமாவது செத்த பிறகுதான் என்பவர்கள் வந்து என்னைப் பார்க்கட்டும். நான் உயிரோடுதான் இருக்கிறேன். சுத்தமான பிறகு அவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். யார் முறைத்தாலும் சரி, அழுக்கோடு வாருங்கள். கழுவுவது அவர் வேலை.