கணு வீங்கிய கை

கராத்தே வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. தொம்மலூரில் எங்கள் தெருமுனை பேக்கரிக்கு மேலே ஒரு ஹால். என்னோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவளுக்குக் கோபமே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வந்தது. அதை அவர்மேல் காட்டக் கூடாது என்றுதான், வீட்டு வேலைக்கு வரும் அக்காவை அவருக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு, மாலையில் போய் மணல் மூட்டையைக் குத்தினேன்.

குத்துவதற்கு ஒரு முறை உண்டு. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் கணுக்கள்தான் முதலில் பட வேண்டும். மணிக்கட்டு சாயக் கூடாது. எனக்கோ வேகம் ஏறினால் மணிக்கட்டு தானாகச் சாய்ந்துவிடும். அடி முழுவதும் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் விழும்.

"கோவத்துல குத்தாதீங்க மேடம், மெதுவா குத்துங்க" என்பார் மாஸ்டர். மெதுவாகக் குத்துவதற்கா நான் அங்கே போனேன்?

ஒரு வாரம் இரண்டு கையிலும் கணுக்கள் வீங்கித் தோல் உரிந்துவிட்டது. ஐஸைத் துணியில் சுற்றி வைத்தேன். மஞ்சள் பற்றுப் போட்டேன். மருந்துக்கடைக்காரர் கொடுத்த களிம்பு எரிச்சலைக் கூட்டியதுதான் மிச்சம். சுண்டு விரலை மோதிர விரலோடு சேர்த்துக் கட்டியும் பார்த்தேன். கைக்குக் கொஞ்ச நாள் வேலையே கொடுக்காதீர்கள் என்றார் மாஸ்டர். நல்ல யோசனைதான். அப்பாவை யார் தூக்கி உட்காரவைப்பது?

விரல் மடங்காததால் அவரை வழக்கம்போல் பிடிக்க முடியவில்லை. என் முன்கையை அவர் புஜத்தோடு வைத்து அழுத்தித் தூக்கினேன். ரத்தம் உறையாமலிருக்க அவருக்கு மாத்திரை கொடுத்துவந்தேன். லேசாக அழுத்தினாலே உடம்பு கன்றிவிடும். இரண்டு புஜத்திலும் கத்தரிக்காய் நிறத்தில் திட்டுத் திட்டாக வந்துவிட்டது. அதைப் பார்த்து நான் அழுதேன். அடுத்த வேளைக்கு மறுபடி அப்படியேதான் தூக்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்திபெலேயிலிருந்து அத்தை காரில் வந்தார். அப்பாவுக்கு அக்கா. தம்பிக்குப் புதுச்சட்டை வாங்கி வந்திருந்தார். பழையதைக் கழற்றியவர் அப்படியே நின்றார். புஜத்தைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார்.

"என்னாடி இது?"

"மாத்திரையால அத்தை. லேசா புடிச்சாலே அப்படி ஆயிடுது."

"உன் கைக்கு என்னா?"

"கராத்தே கத்துக்கறேன்."

"இந்த வயசுலயா?"

சொன்னது அத்தனையும் உண்மை. என் காதுக்கே பொய்யாகக் கேட்டது. மாஸ்டருக்குப் போன் போட்டுத் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அது இன்னும் கேவலமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"டேய், சும்மா மறைக்காத. இவ உன்னை அடிக்கறாளா?"

"ஆமா" என்றார் அப்பா.

பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். காபி வேண்டுமா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா. அத்தைக்கு இது தெரிய வாய்ப்பில்லை. போனில் "நல்லா இருக்கியாடா" என்பார். இவர் "ஆமா" என்பார். அத்தை திருப்தியாகப் போனை வைத்துவிடுவார்.

"எது கேட்டாலும் அதேதான் சொல்வார் அத்தை. வேற ஏதாவது கேட்டுப் பாருங்க."

"என்கூட வந்துடறியாடா?"

"ஆமா."

"இங்கயே இருக்கீங்களாப்பா?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"ஆமா."

"பயத்துல சொல்றான்" என்றார் அத்தை.

வாயால் சொல்ல முடியாததை அப்பாவின் கண்ணில் படித்துவிடுவேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று வெகுநேரம் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அத்தை கேட்டதற்கு நிஜமாகவே ஆமா என்று சொல்லியிருந்தாலும் அதே முகம்தான் இருந்திருக்கும்.

"இவனை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அத்தை கார் டிரைவரை மேலே கூப்பிட்டார். இருவருமாக அவரைத் தாங்கிப் பிடித்துக் கீழே கொண்டுபோனார்கள். நான் மாத்திரைப் பையோடு பின்னால் போனேன். எது சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று சொல்லிக்கொண்டே போனேன். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு மறுபக்கமாக ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் குனிந்து அப்பாவின் முகத்துக்கு நேராகப் போனேன்.

"ஒரே ஒரு தடவை இல்லன்னு சொல்லுங்கப்பா."

"ஆமா" என்றார்.

கதவைச் சாத்தப் போனேன். கைப்பிடியை என் விரல்களால் பிடிக்க முடியவில்லை. அத்தை அப்பாவுக்குக் குறுக்கே எட்டி, உள்ளேயிருந்து கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.