தமோட்சு பெயரில் வந்த பூ

கசுயோ சொந்தமாகச் சைக்கிள் கடை திறந்த அன்று, வாழ்த்தாக வந்து வாசலில் நின்ற பூச்சட்டங்கள் முக்கால் மணி நேரத்தில் மொட்டையாகிவிட்டன. எங்கள் நகோயாவில் புதுக்கடைப் பூவைப் போகிறவர் வருகிறவர் உருவிக்கொண்டு போவார்கள். எவ்வளவு சீக்கிரம் காலியாகிறதோ அவ்வளவு ராசி. எதிரே, புருஷன் விட்டுப்போன சலவைக்கடையை நடத்தும் நானும் இரண்டு லில்லி எடுத்தேன். கசுயோவுக்கு வாயெல்லாம் பல்.

பூ போன பிறகுதான் அட்டை பளிச்சென்று தெரிந்தது. கடைத்தெருச் சங்கத் தலைவர் அனுப்பிய சட்டத்தில், 'உரிமையாளர் தமோட்சு அவர்களுக்கு வாழ்த்துகள்' என்று கொட்டை எழுத்து. தமோட்சு அவள் கணவன். பஸ் ஓட்டுகிறவன், சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூடத் தெரியாது. ஸ்டேஷன் பக்கத்துச் சைக்கிள் பட்டறையில் பதினாறு வருஷம் கிரீஸ் கையோடு நின்றவள் இவள்தான்.

"அதைக் கழட்டி எறியேன்டி," என்றேன்.

"வேணாம்க்கா. பெரிய மனுஷர் அனுப்பினது, மரியாதையா இருக்காது. மூணு நாள் நின்னுட்டுப் போகட்டும்."

அந்த மூன்று நாளில்தான் தெருவே வந்து எட்டிப் பார்த்தது.

"ஏம்மா, வீட்டுக்காரர் இல்லையா?"

"கடை என்னோடதுங்க. குடுங்க, நான் பாக்குறேன்."

"பிரேக் சமாச்சாரம்மா, விளையாட்டில்ல. அவர் இருக்கும்போது வர்றேன்."

அட்டை போன பிறகும் பேச்சு போகவில்லை. தமோட்சு தன் விடுமுறை நாளில் வந்து முன்னால் உட்கார்ந்தால் மட்டும் சைக்கிள் வரும். அவன் வாங்கி வைப்பான். அவள் உள்ளே உட்கார்ந்து சரி செய்வாள். நன்றியெல்லாம் அவனுக்கு. நல்ல மனுஷன், கூசிப்போவான். ஒரு நாள் அவளே சொல்லிவிட்டாள்.

"இனிமே நீங்க வராதீங்க. என் கையை நம்பி வர்றவங்க வரட்டும்."

யாரும் வரவில்லை. திறந்த பதினோராம் மாதம் கடையை மூடினாள்.

சொல்லிவிட்டுப் போக என்னிடம் வந்தவள், வாசலில் நின்ற என் சைக்கிளைப் பார்த்துக் குனிந்தாள்.

"புது டயர். எங்க போட்டீங்கக்கா?"

"ஸ்டேஷன் பக்கத்துல... அவசரம்னு..."

ஒரு அவசரமும் இல்லை. டயர் மாற்ற ஆம்பிளைக் கை வேண்டும் என்று நானும்தான் நினைத்தேன்.

அவள் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். "காத்து கம்மியா இருக்குக்கா," என்று பம்பை எடுத்துவந்து நிதானமாக அடித்துக் கொடுத்தாள். நான் வெட்கங்கெட்டுப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன்.