இருபத்தைந்தாவது எழுத்து

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் அலுவலகம் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருக்கிறது. கீழே மூட்டை இறங்கினால் மேலே நாங்கள் தும்முவோம். நான் ஒரு தமிழ் நாளிதழில் நெடுங்காலம் உதவி ஆசிரியராக இருந்தவள். கணவருக்கு எர்ணாகுளத்துக்கு மாற்றல் வந்ததால் வேலையை விட்டு, ஒரு பயிற்சி மையத்தில் சி என்ற கணினி மொழி படித்து, இந்தச் சிறிய நிறுவனத்தில் நிரல்களில் பிழை பார்க்கச் சேர்ந்தேன். பெரிய மாற்றமாகத் தோன்றவில்லை. அங்கே நிருபர், "நான் நேர்ல பார்த்தேன், எனக்குத் தெரியாதா?" என்பார். இங்கே நிரலர், "நான்தானே எழுதினேன், எனக்குத் தெரியாதா?" என்கிறார்.

கோயில்களுக்கும் கடைகளுக்கும் ரசீது அடித்துத் தரும் சின்ன மெஷின்கள் செய்கிறோம். உள்ளே ஓடுவது சி மொழி நிரல். அந்த மொழியின் குணம் ஒன்று உண்டு. அது யாரையும் கேள்வி கேட்காது. இருபத்து நான்கு எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு முப்பது எழுத்தைத் திணித்தால், மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவர் தலையில் வைத்துவிட்டுப் போய்விடும். அங்கே என்ன இருந்தது, அது என்ன ஆயிற்று என்பதெல்லாம் அதற்குக் கவலை இல்லை. அடுத்தவர் மெஷினுக்குள் புக நினைப்பவர்கள் தேடுவதே இப்படிப்பட்ட ஓட்டைகளைத்தான்.

நிரலை ஓட விடாமல், வெறுமனே படித்தே இந்த ஓட்டைகளைக் காட்டித் தரும் மென்பொருளுக்கு ஸ்டாட்டிக் அனலைசர் என்று பெயர். சம்பவ இடத்துக்குப் போகாமல் மேசையில் உட்கார்ந்தபடியே, "இவர் இரண்டாம் பத்தியில் இறந்துவிட்டாரே, நான்காம் பத்தியில் எப்படிப் பேட்டி கொடுத்தார்?" என்று கேட்கிற உதவி ஆசிரியரைப் போன்றது அது. கேட்பதில் பாதி வீண் கேள்வி. அதனால்தான் யாருக்கும் அதைப் பிடிப்பதில்லை. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

கோயில் மெஷினுக்கு நிரல் எழுதியவன் எனக்கு எதிர் மேசைக்காரன், மலையாளி. எனக்குத் தம்பி வயது. மட்டாஞ்சேரியிலேயே தலைமுறைகளாக இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண்ணைக் காதலித்தான். அவளுக்காகத் தமிழ் கற்றுக்கொண்டு, அதை என்னிடம் சோதித்துப் பார்ப்பான். பெண் சம்மதித்துவிட்டாள். அவள் அப்பா சம்மதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அவர் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இவன் செய்த மெஷின் அவர் வழக்கமாகப் போகும் கோயிலுக்கு வருகிறது என்று தெரிந்ததும், "முதல்ல மெஷினைப் பார்க்கட்டும், அப்புறம் உன்னைப் பார்க்கிறேன்" என்று சொல்லியனுப்பினார். திருவிழாவின் முதல் நாள் மெஷின் ஓட வேண்டும். முதல் ரசீதை அவருக்கே அடித்துக் கொடுப்பதாக இவன் வாக்குக் கொடுத்திருந்தான். எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய்ப் புது வேட்டியும் வாங்கியாயிற்று.

அந்த வாரம்தான் அனலைசர் அவன் நிரலில் ஒரு வரியைப் பிடித்தது. கவுண்டரில் அடிக்கும் பெயரை, எத்தனை எழுத்து என்று பார்க்காமலே இருபத்து நான்கு கட்டத்துக்குள் கொட்டுகிற வரி.

"இது பொய் வார்னிங் அக்கா," என்றான். "ஒரு மனுஷனுக்கு இத்தர நீளத்துல பேரு வருமோ?"

"எங்க ஊர்ப்பக்கம் வந்து பாரு. இனிஷியலே அரைப் பக்கம் இருக்கும்."

"கோயில் மெஷினை யாரு ஹேக் பண்ணுவான்? ஹேக் பண்ணி என்ன எடுக்க? பாயசமோ?"

எங்கள் அலுவலக வழக்கப்படி, எச்சரிக்கையைத் தள்ளும் உரிமை எழுதியவருக்குத்தான். ஆனால் காரணம் எழுத வேண்டும். அவன் எழுதிய காரணம்: "மனிதர்களுக்கு இவ்வளவு நீளமான பெயர் இருப்பதில்லை." நான் கீழே என் ஆட்சேபத்தை எழுதினேன். அதற்கு மேல் எனக்கு அதிகாரம் இல்லை.

அவன் நேர்மையாகத்தான் சொன்னான். எங்கள் அலுவலகத்தில் சோதனைக்குப் பெயர் அடிக்கச் சொன்னால் எல்லோரும் தங்கள் செல்லப் பெயரை அடிப்பார்கள். கொச்சிக்காரர்களின் செல்லப் பெயர் பெரும்பாலும் இரண்டே எழுத்து. இரண்டாவது எழுத்து ஜி, இல்லாவிட்டால் ஜு. அந்த மெஷின் பல வாரங்களாக ஜிக்களையும் ஜுக்களையும் மட்டுமே பார்த்து வளர்ந்த மெஷின்.

திருவிழாவன்று காலை கோயிலுக்குப் போனோம். பெண்ணின் அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் சந்தனமுமாக வரிசையில் முதலாவதாக நின்றார். அங்கே வெடி வழிபாடு உண்டு. கதினா என்று சின்ன இரும்புக் குழல், அதில் மருந்து கெட்டித்துத் தீ வைப்பார்கள். வேண்டிக்கொண்டவர் பெயரை மைக்கில் சொல்லி, அவர் கேட்ட எண்ணிக்கையில் வெடிப்பார்கள்.

"வெடி, ஒண்ணு," என்றார் அவர். கவுண்டர்காரர் பெயர் கேட்டதும் தன் முழுப் பெயரைச் சொன்னார். தாத்தாவின் இனிஷியல், அப்பாவின் இனிஷியல், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தெய்வங்கள். கவுண்டர்காரர் ஆங்கில எழுத்தில் பொறுமையாக அடித்தார். இடைவெளிகளையும் புள்ளிகளையும் சேர்த்து இருபத்தைந்து எழுத்து. தமிழ் ஆண்பிள்ளைகள் பலரைப் போல அவர் பெயரும் 'ன்' என்று முடிந்தது.

ரசீது வந்தது. பெயர் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் இருந்தது. அவர் படித்துவிட்டுத் தலையசைத்தார். என் எதிர் மேசைக்காரன் என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினான். ரசீது வெடிக் கொட்டகைக்குப் போயிற்று. எண்ணிக்கை அடுத்த வரியில், சின்ன எழுத்தில் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

மைக் பார்த்தது. "மட்டாஞ்சேரி..." என்று தொடங்கி, முழுப் பெயரையும் சொல்லி, "கதினா வெடி, நூற்றிப்பத்து!" என்று முடித்தது.

முற்றத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நூற்றியொன்று வெடி நேர்ந்துகொள்கிறவர்கள் உண்டு. அதற்கு மேல் ஒன்பது வைத்தவர் யாரும் இல்லை.

"எந்தா?" என்றார் அப்பா. அதற்குள் முதல் வெடி வெடித்துவிட்டது.

நான் இவன் காதருகே குனிந்தேன். கணினிக்கு ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். ஆங்கிலச் சின்ன 'என்' நூற்றுப்பத்து. இருபத்தைந்தாவது எழுத்துக்குக் கட்டம் இல்லை. அது பக்கத்தில் இருந்த வெடி எண்ணிக்கையின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. "ஒன்று அழிந்தது, 'என்' இருக்கிறது" என்றேன். அவன் முகத்தில் இருந்த நிறமெல்லாம் வேட்டிக்கு இறங்கிற்று. பணம் என்னவோ ஒரு வெடிக்குத்தான் வாங்கியிருந்தார்கள். தொகையைக் கணக்கிடும் வரி முன்னாலேயே ஓடி முடித்துவிட்டது.

அவன் வெடிக் கொட்டகைக்கு ஓடினான். வெடிக்காரர் ரசீதைத் தூக்கிக் காட்டினார். "இதுல உள்ளதை நான் வெக்கும். குறைச்சா தெய்வதோஷம்."

"சேட்டா, அது மெஷின் தப்பு!"

"மெஷினுக்குத் தெய்வதோஷம் இல்ல மோனே. எனக்கு உண்டு. மாறி நில்லு." அடுத்த குழலுக்குத் தீ வைத்தார்.

அப்பாவின் நிலைமை இன்னும் மோசம். தன் பெயரை ஊரறியச் சொல்லியாயிற்று. இப்போது போய், "நான் ஒண்ணுதான் கேட்டேன்" என்றால் கஞ்சன் என்பார்கள். அவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். முதல் இருபது வெடி வரை பக்தி தெரிந்தது. அப்புறம் கண் மட்டும் சிமிட்டியது. குழல்களில் மறுபடி மருந்து கெட்டிக்க இடைவேளை விட்டார்கள். முடிந்துவிட்டது என்று அவர் கையை இறக்கினார். முடியவில்லை. தெரிந்தவர்கள் வந்து வந்து, "என்ன விசேஷம் அண்ணே? பொண்ணுக்கு ஏதாச்சும் தகைஞ்சுதா?" என்று கத்திக் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் காதைக் காட்டிக் கேட்கவில்லை என்று சைகை செய்தார். தண்ணீருக்கு அந்தப் பக்கம் வைப்பின் தீவில் இருக்கும் அவர் மைத்துனர் போன் செய்து, சத்தம் என்ன என்று விசாரித்தார். அந்தப் போனை அவர் வெடிப் பக்கமாகத் தூக்கிப் பிடித்தார்.

கடைசி வெடி முடிந்ததும் அவர் எங்களைத் தாண்டிப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை கிடங்குப் படியேறி வந்தார். வந்த வேகத்தில் இரண்டு தும்மல். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இவனைப் பார்த்தார்.

"நான் கேட்டது ஒண்ணு. நூத்திப்பத்து எங்கேருந்து வந்தது? எனக்கு மனசிலாகிற மாதிரி சொல்லு."

அவன் 'பஃபர்', 'மெமரி' என்று தொடங்கினான். அவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்க பேருக்கு இருபத்து நாலு ஸீட் போட்டிருந்தாங்க," என்றேன். "இருபத்தஞ்சாவது எழுத்து பக்கத்து ஸீட்ல இருந்தவர் மடியில உட்கார்ந்துடுச்சு. அங்க இருந்தது வெடிக் கணக்கு."

"அப்போ தப்பு என் பேருலயா, வண்டியிலயா?"

"கண்டக்டர் மேல."

கண்டக்டர் அவசரமாகத் திருத்தத் தொடங்கினான். முதலில், இடத்துக்கு மேல் வரும் எழுத்துகளை வெட்டிவிடும்படி மாற்றி, அவர் பெயரையே அடித்து ரசீதை நீட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கடைசி ரெண்டு எழுத்து எங்கே?"

"அது... வெட்டிப்போச்சு அங்கிள். ஒண்ணுக்கு இடமில்ல, இன்னொண்ணு இடத்துல பேரு முடிஞ்சதுன்னு குறி வெக்கணும். சேஃப்டிக்கு."

"எங்க அப்பா வெச்ச பேரு. வெட்டாம சேஃப்டி பண்ணு."

அவன் இடத்தைப் பெரிதாக்கினான். அதற்கும் மேல் நீளும் பெயர் வந்தால் மெஷின் மறுத்துவிட்டு மறுபடி கேட்கும்படி ஒரு சோதனையும் வைத்தான். நான் அனலைசரை ஓட்டினேன். அந்த எச்சரிக்கை மறைந்தது. அவர் திரையைச் சுட்டினார். "இதெல்லாம் என்ன? இன்னும் இருக்கே."

"அதெல்லாம் பொய் வார்..." என்று தொடங்கிய அவன், தானே நிறுத்திக்கொண்டான்.

ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொன்னார். மதிப்பு வைக்க இடம் ஒதுக்கிய ஒரு மாறி உபயோகமில்லாமல் இருப்பதாக முதல் எச்சரிக்கை. "வேலை செய்யாம ஸீட்ல இருக்கானா? எல்லா ஆபீஸ்லயும் ஒருத்தன் உண்டு, அடுத்தது போ." அடுத்தது, திருப்பிக் கொடுத்த இடத்தை மறுபடி உபயோகிக்கும் வரி. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் பழைய சாவியோடு போய்ப் படுப்பது போல என்றேன். "ஐயோ, உள்ளே புதுக் குடும்பம் இருக்குமே!" என்று பதறிவிட்டார். அதை உடனே திருத்தச் சொன்னார். மூன்றாவது, பிரிண்டருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத வரி.

"என் மகளுக்கு மெசேஜ் அனுப்பிட்டு நீலக் கோடு வந்துதான்னு நாள் முழுக்கப் பார்க்கிறியாமே," என்றார் அவனிடம். "பிரிண்டர் என்ன பாவம் பண்ணிச்சு?"

அவன் தலையைக் குனிந்தபடி அதையும் திருத்தினான். நாங்கள் கேள்வி கேட்கக் கேட்க, அவன் ஒரு முறைகூட, "நான்தானே எழுதினேன்" என்று சொல்லவில்லை. எல்லாம் முடிய மத்தியானம் ஆயிற்று. இடையில் சாயா வந்தது, பழம்பொரி வந்தது, கீழே மூட்டைகளும் வந்தன. தும்மலுக்கு நடுவே அவர் கடைசி எச்சரிக்கை வரை உட்கார்ந்திருந்தார். திருத்திய மெஷினில் அவர் பெயரை அடித்துப் பார்த்தோம். முழுப் பெயர், வெடி ஒன்று.

அவர் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். அவன் கேட்கும் தூரத்தில்தான் இருந்தான்.

"இந்த மெஷின், ஓட விடாமலே உள்ளே என்ன கோளாறுன்னு சொல்லிடும், இல்லையா?"

"சொல்லும்."

"இந்தப் பையனை அதுல போட்டுப் பார்க்க முடியுமோ?"

"பார்க்கலாம். நிறைய வார்னிங் வரும். பாதி பொய்யா இருக்கும்."

"எந்தப் பாதி?"

"அதை ஓட விட்டுப் பார்த்தாத்தான் தெரியும் சார்."

அவர் சட்டைப் பையில் இருந்த ரசீதைத் தொட்டுப் பார்த்தார். அவன் விசைப்பலகையில் கை வைத்தபடி, எதையும் அடிக்காமல் இருந்தான்.

"நேத்து அவ்வளவு பேரு கேட்டாங்க, பொண்ணுக்கு என்ன விசேஷம்னு," என்றார். "அத்தனை வெடி வெச்சுட்டு ஒண்ணுமில்லைன்னு எப்படிச் சொல்றது?" எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. ஓட விட்டே பார்ப்போம்."

அவன் எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்து, "நான் சாயா வாங்கிட்டு வர்றேன்" என்று படியிறங்கி ஓடினான். நாங்கள் இருவரும் வெகுநேரம் காத்திருந்தோம். கடைசியில், சேதியைச் சொல்லி, கிடங்கின் சுமைக்காரர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மேலே வந்தான். சாயா வாங்கி வரவில்லை.