தலைகீழாக நிற்கும் கைரோ

போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, எங்கள் தீவில் மாயாபந்தர் பள்ளி மைதானத்தில் நான் ஒரு ஹெலிகாப்டர் ஓட்டினேன்.

சிரிக்க வேண்டாம். மூக்கிலிருந்து வால் வரை நாலடிதான். உள்ளே ஆள் கிடையாது. கையிலிருக்கும் பெட்டியில் இரண்டு ஸ்டிக். அதை அசைத்தால் ரேடியோ அலையில் மேலே போகும், கீழே வரும். எல்லாம் சரியாக இருந்தால்!

வாங்கி வந்தவன் என் தம்பி அந்தோணி. சரக்குக் கப்பலில் வேலை. ஜப்பானுக்குப் போகிறாயே, நல்லதாக ஒரு சேலைத்துணி வாங்கி வா என்று சொல்லி அனுப்பினேன். இதைக் கொண்டுவந்து இறக்கினான். ஒரு வார்த்தை திட்டவில்லையே நான்... பெட்டியைப் பிரித்த நிமிஷமே சேலை மறந்துபோயிற்று.

புத்தகம் முழுக்க ஜப்பானிய எழுத்து. படத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேருமாகப் பூட்டினோம். வாலில் ஒரு சின்ன விசிறி. அதுதான் மூக்கை இடம் வலமாகத் திருப்புவது. இங்கேதான் வம்பு தொடங்கியது.

ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளினால் மூக்கு இடது பக்கம் போகவேண்டும் என்கிறது படம். ஆனால் என் கை?

அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறி வள்ளம் ஓட்டியவர். எட்டு வயதில் என் கையில் சுக்கானைக் கொடுத்துவிட்டார். சுக்கான் பிடியை இடது பக்கம் தள்ளினால் வள்ளத்தின் மூக்கு வலது பக்கம் போகும். முப்பது வருஷமாக இந்தக் கைக்குத் தெரிந்த கணக்கு அதுதான். கப்பல் ஆபீசில் டிக்கெட் கிழிக்கிற வேலைக்கு வந்த பிறகும் கை அதை மறக்கவில்லை.

அதனால் என்ன செய்தேன்? வால் விசிறிக்குப் போகும் கம்பியை, அதை இழுக்கிற மோட்டாரின் கொம்பில் இந்த ஓட்டையிலிருந்து கழற்றி எதிர் ஓட்டையில் மாட்டினேன். முடிந்தது. ஸ்டிக் சுக்கானாகிவிட்டது. முழங்கால் உயரத்துக்குத் தத்தித் தத்திப் பறக்கவும் விட்டேன்.

ஆனால் இங்கே கடற்காற்று சும்மா இருக்குமா? லேசாகத் தட்டினாலே மூக்கு திரும்பிவிடுகிறது. அதற்குத்தான் கைரோ. சோப்புக்கட்டி அளவில் ஒரு டப்பா. உள்ளே குட்டிச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மூக்கு தானாகத் திரும்பினால், நாம் சொல்லாமலே வால் விசிறியை அசைத்து நிறுத்திவிடும். ஒட்டினோம். கிளப்பினோம்.

நிறுத்தவா செய்தது? பம்பரமாகச் சுற்றியது! சுற்றிக்கொண்டே போய், கொடிக்கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் மோதி, பெரிய இறக்கை இரண்டும் தூள்.

வேடிக்கை பார்த்தவர்களில் மெட்ராஸிலிருந்து டெபுடேஷனில் வந்திருக்கும் இன்ஜினீயர் ஒருவர். கல்லூரி நாளில் மாடல் விமானம் செய்தவராம். கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மெஷின்ல தப்பில்லை மேடம். உங்க கைதான் உல்டா. புக்ல இருக்கறபடி மாட்டிட்டு, கையைப் பழக்குங்க."

ஹெட்மாஸ்டர் வங்காளி. நல்ல மனிதர். பிள்ளைகள் விளையாடுகிற இடம் என்ற கவலை அவருக்கு. "ஏக் பார் அவுர், பஸ்" என்றார். இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் சுற்றினால் மைதானத்தை மறந்துவிட வேண்டியதுதான். இந்த ஊரில் மரமும் மேடும் இல்லாத இடம் வேறு எங்கே இருக்கிறது? கையிலிருப்பதும் கடைசி ஜோடி இறக்கை. வியாழக்கிழமைக் கப்பலில் அந்தோணி போய்விட்டால் அடுத்த ஜோடி எப்போது வருமோ?

அந்தோணியே இன்ஜினீயர் பக்கம் சாய்ந்துவிட்டான்.

"எக்கா, புக்குல உள்ளபடியே வச்சிருவோமே. சார் படிச்சவருல்லா."

"படிச்சவரு சுக்கானப் புடிச்சா வள்ளம் எங்க போய் முட்டும்னு கேளுல" என்றேன்.

எனக்குக் கோபம் ஹெலிகாப்டருக்காக மட்டும் இல்லை. மெயின்லேண்டிலிருந்து யார் இறங்கினாலும் முதல் நாளே இந்த வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். ஐந்து மணிக்கே விடிகிறதா? உல்டா. தமிழ்க் குடும்பம் மீன்காரரிடம் இந்தியில் பேரம் பேசுகிறதா? உல்டா. காடாகக் கிடந்த இடத்தில் மழையையும் அட்டையையும் சமாளித்துக் குடியேறியவர்களுக்கு, நேற்றுக் கப்பலேறி வந்தவர் நேர் எது, தலைகீழ் எது என்று வகுப்பெடுப்பார். நாங்களும் தலையாட்டிக்கொண்டு கேட்கவேண்டுமா?

சரி, கோபம் கைரோவைத் திருத்துமா? திருத்தாது. மறுநாள் மத்தியானம் இன்ஜினைக் கிளப்பாமல் ரேடியோவை மட்டும் போட்டுவிட்டு மேஜையருகே உட்கார்ந்தேன்.

மூக்கை வலது பக்கம் திருப்பும்படி ஸ்டிக்கைத் தள்ளினேன். வால் கம்பி முன்னால் போனது. பிறகு ஹெலிகாப்டரைக் கையில் தூக்கி, மூக்கை இடது பக்கமாக வெடுக்கென்று திருப்பினேன். கைரோ அதை வலது பக்கம் கொண்டுவரப் பார்க்கவேண்டும் இல்லையா? கம்பி முன்னால் போகவேண்டும். பின்னால் வந்தது!

அப்போதுதான் உறைத்தது. என் ஸ்டிக் பேசுவதும் கைரோ பேசுவதும் அதே கம்பி வழியாகத்தான். எனக்காகக் கம்பியை எதிர்ப்பக்கம் மாட்டியபோது கைரோவின் பேச்சும் எதிராகப் போய்விட்டது. மூக்கு இடது பக்கம் போனால், இன்னும் போ, இன்னும் போ என்று தள்ளியிருக்கிறது, பாவம்.

இன்ஜினீயர் பாதி சரி. தப்பு நான் மாட்டிய கம்பியில்தான் தொடங்கியது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குக் கையை ஏன் மாற்றவேண்டும்? சுற்றுகிற சக்கரம்தானே உள்ளே இருக்கிறது... டப்பாவையே கவிழ்த்துவிட்டால் அதற்கு இடது வலதாகிவிடாதா?

பிய்த்தேன். கவிழ்த்து ஒட்டினேன். மூக்கை மறுபடி இடது பக்கம் வெடுக்கென்று திருப்பினேன். கம்பி சமர்த்தாக முன்னால் போனது. அந்தோணி கடைசி ஜோடி இறக்கையை எடுத்து வந்து மாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம். விழுவதைப் பார்க்க வந்தவர்களே அதிகம் என்று நினைக்கிறேன். ஹெட்மாஸ்டர் கொடிக்கம்பத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

ஹெலிகாப்டர் எழுந்தது. வால் படபடவென்று துடித்தது. கைரோவுக்கு வேகம் அதிகம். இறக்கி, அதன் திருகைக் கொஞ்சம் குறைத்து, மறுபடி எழுப்பினேன். இடுப்பு உயரம். தலை உயரம். கப்பல் ஜெட்டிப் பக்கமிருந்து காற்று வந்து மூக்கைத் தட்டியது. லேசாகத் திரும்பிய மூக்கு, நான் ஸ்டிக்கைத் தொடாமலே, நின்ற இடத்துக்கு வந்து நின்றது. பிறகு நான் இடது பக்கம் தள்ளினேன். என் வள்ளம் வலது பக்கம் போனது!

இறக்கியதும் ஹெட்மாஸ்டர் அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு என்று கேட்டார். இன்ஜினீயர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"மேடம், கைரோ தலைகீழா இருக்கு."

"எங்க ரெண்டு பேருல யாராவது ஒருத்தர் தலைகீழா நிக்கணும்லா சார்? அது நிக்கட்டும்."