ஜப்பான் கிட்டார்

அப்பா விட்டுப்போன எலக்ட்ரிக் கிட்டார் எந்த ஊர், எத்தனை வயது என்று இரண்டு கடைகளில் சொல்லத் தெரியவில்லை. உக்கடத்தில் மூன்றாவது கடைக்காரர் கிட்டாரின் மூடியைக் கழற்றியதும் வார்னிஷ் வாசனை எழுந்தது. மோட்டார் வைண்டிங் பட்டறையிலிருந்து வரும் அப்பாவின் சட்டை வாசனை.

"ஜப்பான் இல்லைங்க. உள்ள சுத்தியிருக்கறது மோட்டார் கம்பி. யாரோ வைண்டிங் ஆளு செஞ்சதுங்க."

கிட்டார் வீட்டுக்கு வந்தது நான் நாலாவது படித்த வருடம். சர்ச்சில் எல்லோரிடமும் "ஜப்பானுங்க" என்றார் அப்பா. அம்மாவோ, "புள்ளைக்குச் செருப்பில்ல, உங்களுக்கு ஜப்பான் கேக்குதுங்களா?" என்று மாதக்கணக்கில் திட்டினாள். 'நானே செஞ்சேன்' என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை முடிந்திருக்கும். அவர் தலைகுனிந்து சுருதி கூட்டிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் ரிப்பேர் சீட்டை எடுத்தார். "என்னன்னு எழுதட்டுங்க?"

"நாப்பது வருசம் ஆச்சுங்க. ஊரு ஜப்பான்னே போட்டுக்கங்க."